துரை பங்களா இரண்டாம் பாகம்

பேய்களைப் பார்த்துச் சனத்தைச் சிரிக்கவைத்ததுதான் குற்றம் என்று லோஜினிக்கு முதலில் சொல்லப்பட்டது. பிறகு குற்றம் மாறிக்கொண்டே போனது. மாறாமல் இருந்தது, அவள் குற்றவாளி என்பது மட்டும்தான்.

அவள் செய்துகொண்டிருந்தது ஒரு கணினி விளையாட்டு. திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து, கிண்ணியாவைச் சேர்ந்த பஸ்லானோடு சேர்ந்து செய்தாள். அவள் படம் வரைந்து கதை கட்டுவாள். அவன் அதைக் கணினியில் ஓடவைப்பான். முதற்பாகத்தின் பெயர் ‘துரை பங்களா’. விக்டோரியா மகாராணி காலத்தில் இந்தத் துறைமுகத்தைக் கட்டியாண்ட ஒரு வெள்ளைத்துரையின் வீடு அது. அங்கே விளக்கேற்றும் வேலைக்காரி செங்கமலம், பேய்களிடம் அகப்படாமல் பீப்பாய்க்குப் பீப்பாய், உத்தரத்துக்கு உத்தரம் தாவித் தாவி மேலே போகவேண்டும். அவளை ஆட்டுவிப்பது விளையாடுகிறவர் வேலை.

பேய்கள் பயங்கரமானவைதான், ஆனால் கொஞ்சம் கோமாளிகள். தலையில்லாத குசினிக்காரன் தன் தலையைத் தேடிக் கறிச்சட்டிக்குள் கைவிடுவான். துரைசாணி இரத்தம் குடிப்பாள், சீனி போட்டு, தேநீர்க் கோப்பையில். எல்லாரையும்விட ஆட்களுக்குப் பிடித்தது ஆயாப் பேய். துரையின் பிள்ளைகளை வளர்த்தவள். தன் சொந்தப் பிள்ளையைத் தொலைத்தவள். செங்கமலத்தைக் கண்டால் தன் பிள்ளை என்று எண்ணிச் சோற்றுக் கோப்பையோடு துரத்துவாள். அகப்பட்டால் ஊட்டிவிடுவாள். ஊட்ட ஊட்டச் செங்கமலம் கொழுத்து, தாவமுடியாமல் கீழே கரிக்கிடங்குக் குழியில் போய் விழுவாள்.

ஆயாவின் குரல் லோஜினியின் அம்மா இராசமலருடையது. சம்பூர் வீட்டில் ஒரு மத்தியானம் போனை நீட்டி, “ஏதாவது கதையுங்கோ அம்மா, பேய் மாதிரி” என்றபோது அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க ஓடுறாய், நில்லு. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ” என்றாள். யாரை நினைத்துச் சொன்னாள் என்று லோஜினி கேட்கவில்லை. 2006இல் சண்டைக்குத் தப்பிச் சம்பூரை விட்டுச் சனம் ஓடியபோது, ஈச்சிலம்பற்றைப் பக்கம் ஒரு மரத்தடியில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுத்துவரப் போன மகன் நிருபன் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

முதற்பாகம் எதிர்பாராத அளவுக்கு ஓடியது. ஜப்பானிலும் பிரேசிலிலும் ஆட்கள் ஆயாவிடம் சோறு வாங்கித் தின்று கரிக்கிடங்கில் விழுந்தார்கள். இப்படியொன்று எவருடைய மேற்பார்வையும் இல்லாமல் மாவட்டத்திலிருந்து வெளியே போய்விட்டதே என்ற கவலை மேலிடத்தில் உண்டானது. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் துறைமுக மரபு மின்விளையாட்டு ஒழுங்காற்றுச் சபை. மாவட்டத்தில் அப்போதிருந்த ஒரே மின்விளையாட்டு லோஜினியுடையது. ஆகவே சபை முழுமையாக அவளுக்கென்றே இயங்கியது.

இரண்டாம் பாகத்தைச் சபையின் அனுமதி இல்லாமல் விற்க ஏலாது என்று வெளிநாட்டு இணையக் கடைக்குச் சபை எழுதிவிட்டது. கடைக்காரருக்குத் திருகோணமலை எங்கே இருக்கிறதென்று தெரியாது. இருந்தாலும் முத்திரை குத்திய கடிதத்துக்கு எங்கும் ஒரு மரியாதை உண்டு. அனுமதி வரும்வரை நிறுத்திவைக்கிறோம் என்று பதில் வந்தது.

உள்துறைமுக வீதியில் ஒரு பழைய மாடிக் கட்டடம் சபைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. லோஜினியும் பஸ்லானும் முதன்முதலாகப் போனபோது வாசலில், நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று நின்று, சபையின் அறிவித்தல் தாளை ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது. காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மானைத் துரத்தும் அதிகாரம் வேறு திணைக்களத்துக்கு உரியது என்றார்.

மேலே பணிப்பாளர் ஆனந்தராசா இருந்தார். பக்கத்தில் வரலாற்று ஆலோசகர் முனீப். ஆனந்தராசா நல்ல மனிதர். எவருடைய விண்ணப்பத்தையும் அவர் நிராகரித்ததில்லை, அனுமதித்ததுமில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லி, பிளேன்டீ வரவழைத்தார்.

“பிள்ளை, பேய் எண்டா பயம் வரவேணும். உங்கட பேய்களைப் பாத்துச் சனம் சிரிக்குது. ஒரு பேயின்ர கௌரவம் என்னாகிறது?”

“சிரிச்சுக்கொண்டே பயப்படுறதுக்காகச் செய்தனாங்கள், ஐயா.”

“ரெண்டையும் ஒண்டாச் செய்யிறதுக்குத் தனியான அனுமதி வேணும்,” என்றார் அவர், வருத்தத்தோடு.

முனீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பேய்களின் இன விகிதாசாரத்தைப் பற்றிக் கேட்டார். மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்றபடி பேய்கள் இருக்கின்றனவா என்பது அவருடைய கேள்வி. இல்லாவிட்டால் ஒரு சமூகம் மட்டும் அதிகமாகச் செத்தது போன்ற தோற்றம் வரும். ஒரு சமூகம் சாகவே இல்லை என்ற மனக்குறையும் வரலாம்.

“இந்தக் குசினிக்காரன் என்ன ஆள், தம்பி?”

பஸ்லான் யோசித்தான். “தலை இல்லையே சேர். அவன்ட வாயால கேக்க ஏலா.”

“அப்ப ‘ஏனையோர்’ எண்டு போடுங்கோ,” என்றார் ஆனந்தராசா. பிரச்சினை ஒன்றைத் தீர்த்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்த முறை சபை விளையாட்டைப் பரிசோதித்தது. பரிசோதிப்பது என்றால் பணிப்பாளர் விளையாடிப் பார்ப்பது. அவர் வாழ்நாளில் கணினி விளையாட்டைத் தொட்டதில்லை. செங்கமலம் முதல் பீப்பாயிலிருந்து தாவி, இரண்டாம் பீப்பாயை எட்டாமல் கரிக்கிடங்கில் விழுந்தாள். திரும்பவும் விழுந்தாள். காலை முழுக்க விழுந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை விழும்போதும் செங்கமலத்தின் தலை கழன்று உருண்டு, “ஐயோ என்ர தலை” என்று கத்தும். வழக்கமாக ஆட்கள் அந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். அறையில் எவரும் சிரிக்கவில்லை. கீழே சிற்றூழியர் ஒருவர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவரும் சிரிக்கவில்லை.

ஆனந்தராசா எழுந்து, முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

“ஒரு பதவிநிலை உத்தியோகத்தர் விழக்கூடிய குழி, பொதுமக்களுக்கு எவ்வளவு ஆபத்து எண்டு யோசிச்சீங்களோ? குழியெல்லாத்தையும் மூடவேணும். பீப்பாய்களை எடுத்திட்டுச் சமதரையாப் போடுங்கோ.”

“சேர், இது தாவிப் போற விளையாட்டு,” என்றான் பஸ்லான். “தரையைச் சமமாக்கினா நடக்கிறது மட்டும்தான் மிஞ்சும்.”

“நடக்கிறது நல்லது, தம்பி. எனக்கே சீனி வருத்தம். டொக்டர் நடக்கத்தான் சொன்னவர்.”

வீதிக்கு வந்ததும் பஸ்லான் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாவும்போது செங்கமலத்தின் பாவாடை காற்றில் சரியாக விரிந்து அடங்குவதற்காக ஒரு மழைகாலம் முழுவதையும் செலவழித்தவன் அவன்.

“விடுவமா லோஜினி? நான் கட்டார் போறன். நீங்க எங்கயாவது பள்ளிக்கூடத்தில சித்திரம் படிச்சுக்குடுங்க.”

“தரையைத்தானே கேக்கினம். குடுப்பம். பேய் இருக்குத்தானே.”

அவர்கள் தரையைக் கொடுத்தார்கள். பங்களா மாவு ஆலையின் முற்றம் போலச் சமமானது.

மூன்றாவது அழைப்பு கடைசிக் கட்டத்தைப் பற்றியது. இரண்டாம் பாகத்துக்கென்றே லோஜினி புதிதாகச் செய்த கட்டம் அது. பங்களாவின் நிலவறைக்குக் கீழே, கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்த கூலிகள் புதைந்துகிடக்கிறார்கள். செங்கமலம் விளக்கோடு இறங்கும்போது ஒவ்வொருவராக எழும்பி, தங்கள் மூட்டையை இறக்கிவைக்க இடம் கேட்பார்கள். எந்த இடத்தைக் காட்டினாலும் அங்கே ஏற்கனவே ஒருவன் கிடப்பான். அதுவும் சிரிப்புத்தான்.

“இவை எப்பிடிச் செத்தவை?” என்று கேட்டார் முனீப்.

“காய்ச்சலிலையும் கரித்தூசியிலையும், ஐயா. எழுதிவைக்காமல் புதைச்சவை எண்டு கதையில வச்சிருக்கிறன்.”

“ஆர் புதைச்சது?”

“துரை.”

“எந்த அடிப்படையிலை?”

“நான் நினைச்ச கதை, ஐயா. விளையாட்டு.”

ஆனந்தராசா பேனாவை மூடிவைத்தார். “பிள்ளை, கவனமாக் கேளுங்கோ. பேய் எண்டா செத்த ஆள். செத்த ஆள் எண்டா மரணச் சான்றிதழ் இருக்கவேணும். சான்றிதழ் இல்லாட்டி அவர் செத்தவர் இல்லை, காணாமல் போனவர். காணாமல் போனவை எங்கட சபைக்குள்ள வரமாட்டினம். அது வேற விஷயம், பெரிய இடத்து விஷயம்.”

“அப்ப என்ன செய்யிறது?”

“அதுக்கு நாங்கள் ஒழுங்கு செய்யிறம்.”

ஒழுங்கு செய்தார்கள். கற்பனையில் வந்த நிலக்கரிக் கூலிகளுக்கும், குசினிக்காரனுக்கும், துரைசாணிக்கும் சபை மரணச் சான்றிதழ் வழங்கியது. மூன்று மொழியிலும், முத்திரையோடு, பிளேன்டீ ஆறுவதற்குள். அவற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு லோஜினி படியிறங்கினாள். அம்மா கச்சேரி என்கிற மாவட்டச் செயலக வாசலிலும், ஆணைக்குழுக்களின் கூடாரங்களிலும், கொட்டும் வெயிலில் வீதியோரத்திலும் நிருபனின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்த ஆண்டுகள் எவ்வளவு. மகன் எங்கே என்று அவள் கேட்ட எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வந்தது: கேள்வியை விட்டுவிட்டு மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா எடுக்கவில்லை. இங்கேயோ பிறக்கவே பிறக்காத ஆட்களெல்லாம் முறைப்படி செத்திருந்தார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் அவளும் பஸ்லானும் நினைத்தார்கள். மறுவாரம் முனீப் ஒரு அபிப்பிராயத்தை முன்வைத்தார். அவர் படித்தவர்; தர்க்கத்தைப் பாதியில் விடும் பழக்கம் அவரிடம் இல்லை.

“சான்றிதழ் கிடைச்ச ஆத்துமா சாந்தியடைஞ்சிரும். சாந்தியடைஞ்ச ஆத்துமா அலைஞ்சு திரியாது. அப்ப இந்த ஆக்கள் பங்களாவிலை திரியிறது, சபை வழங்கின சான்றிதழைக் கேள்விக்குள்ளாக்கிற மாதிரி.”

“சான்றிதழ் இல்லாட்டிப் பேயா இருக்க ஏலா எண்டீங்க சேர்,” என்றான் பஸ்லான் மெதுவாக. “சான்றிதழ் இருந்தாலும் ஏலாதா?”

“அப்பிடித்தான் வருது, தம்பி,” என்றார் முனீப். அவருக்கும் அது வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனந்தராசா கைகளைக் கோத்துக்கொண்டு நீளமாகக் கதைத்தார். “சபை செத்தவைக்கு எதிரி எண்டு ஆரும் நினைக்கக்கூடாது. செத்தவை எல்லாரும் எங்களோட முழு ஒத்துழைப்பு. ஒருத்தர்கூட ஒரு முறைப்பாடு தரேல்லை. கரைச்சல் தாறது மிச்ச ஆக்கள்தான். இப்ப உங்கட ஆயாவைப் பாருங்கோ. அவவுக்கு நாங்கள் சான்றிதழ் குடுக்க ஏலாமல் கிடக்கு. ஏனெண்டா அவ ஒரு பிள்ளையைத் தேடுறா. அந்தப் பிள்ளை இருக்கோ செத்ததோ எண்டு உங்கட கதையில இல்லை. மற்றப் பேய் எல்லாம் பயப்படுத்துது, அதிலை எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இது தேடுது, பிள்ளை. பேய் தேடினால், ஆரோ கொண்டுபோனது எண்டு அர்த்தம் வரும். ஆர் கொண்டுபோனது எண்டு அடுத்த கேள்வி வரும். அதுக்கு எங்களிட்ட ஒதுக்கீடு இல்லை.”

குரல் கொடுத்தவரை அழைத்துவரும்படி சபை தீர்மானித்தது.

இராசமலர் காலை பஸ்ஸில் சம்பூரிலிருந்து வந்தாள். கச்சான் கடலைத் தோட்டத்தில் வேலைசெய்து கறுத்த கைகள். பெட்டியிலிருந்து எடுத்து உடுத்த நீலச் சேலை. பஸ்லான் பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் அழைத்துவந்தான். படியேறும்போது லோஜினியிடம், “இஞ்ச என்ன கேப்பினம்?” என்று கேட்டாள்.

“குரல் உங்கடதோ எண்டு கேப்பினம். ஓம் எண்டால் சரி, அம்மா.”

“இவையும் கேக்கிற ஆக்கள்தானோ,” என்றாள் அம்மா. கேள்வி கேட்கும் அலுவலகங்கள் அவளுக்குப் புதிதல்ல.

முனீப் கணினியைத் தட்டினார். ஆயாவின் குரல் அறைக்குள் வந்தது. எங்க ஓடுறாய், நில்லு. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ. சபையின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா தன் குரலை, வேறு யாரோ பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இது உங்கட குரலோ, அம்மா?”

“ஓம்.”

“ஆரைக் கூப்பிடுறீங்கள்?”

“விளையாட்டுப் பெட்டையை. சாப்பிடாமல் ஓடுதாம்.”

ஆனந்தராசாவுக்கு முகம் மலர்ந்தது. “நல்லது. அப்ப பிரச்சினை இல்லை. ஆயா தேடுற பிள்ளை முந்தியே செத்திட்டுது எண்டு ஒரு வரி நீங்கள் கதைச்சுத் தந்தால் போதும். ‘என்ர பிள்ளை செத்திட்டான்’ எண்டு, இதே குரலிலை. நாங்கள் இப்பவே பதிவுசெய்து, பிள்ளைக்கும் சான்றிதழ் தந்து, விளையாட்டுக்கு அனுமதி தந்திடுவம். உங்கட மகளின்ர இவ்வளவு காலத்து உழைப்பு.”



“விளையாட்டுக்குத்தான், அம்மா,” என்றார் முனீப் கனிவாக. “உண்மைக்கு இல்ல.”

லோஜினி அம்மாவைப் பார்த்தாள். அந்த நேரத்தில் தன் மனசில் ஓடியதை அவள் பிறகு பஸ்லானிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிடுங்கோ அம்மா, ஒரு வரிதானே என்றுதான் ஓடியது. வரைந்த இரவுகளும், கெட்ட தூக்கமும், ஜப்பானில் காத்திருக்கும் ஆட்களும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். முகத்தில் இருந்ததை அம்மா வாசித்துவிட்டாள் என்பது லோஜினிக்குத் தெரிந்தது.

“விளையாட்டுக்கும் நான் அப்பிடிச் சொல்லமாட்டன், ஐயா,” என்றாள் இராசமலர். “எத்தினையோ பேர் கேட்டவை. வெருட்டிக் கேட்டவை, அழுது கேட்டவை. கோழிக்குஞ்சும் தையல் மெசினும் தாறம் எண்டவையும் இருக்கினம். ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. பேயாகிச் சொல்லச் சொல்லி நீங்கள்தான் முதல்ல கேக்கிறீங்கள்.”

ஆனந்தராசா தாழ்ந்த குரலில், “சபை ஆரையும் வற்புறுத்தாது,” என்றார். பிறகு மூலையில் இருந்த எழுதுவினைஞரைப் பார்த்து, “ஆயாவை எடுத்துவிடலாம் எண்டு தாயார் சம்மதம்,” என்று எழுதச் சொன்னார்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் லோஜினி, “அம்மா, நான்...” என்று தொடங்கினாள். “பசிக்குதடி,” என்றாள் அம்மா. மூவரும் ஒரு கடையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டார்கள்.

அனுமதி அந்த வாரமே வந்தது. பேய்கள் நீக்கப்பட்டு, குழிகள் மூடப்பட்டு, நிலவறைக்கு இறங்கும் படி சுவரால் அடைக்கப்பட்டு, துரையும் நீக்கப்பட்டிருந்தார். பேய்கள் இல்லாதபோது துரையை மட்டும் வைத்திருப்பது, எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்பது போல ஆகிவிடுமென்று முனீப் குறிப்பிட்டிருந்தார். மிஞ்சியது செங்கமலமும் அவள் விளக்கும் வீடும். அவள் நடப்பாள். கதவைத் திறப்பாள். அறையில் எவரும் இல்லை. அடுத்த கதவைத் திறப்பாள்.

வெளியீட்டு விழாவைச் சபையே நடத்தியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஆனந்தராசா மேடையில் நின்று சொன்னார்: “பேய் விளையாட்டுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஆனால் ஒருவர்கூடப் பாதிக்கப்படாத பேய் விளையாட்டை உலகுக்குத் தந்தது எங்கள் துறைமுக மாவட்டம். இந்தப் பங்களாவில் எவருக்கும் எதுவும் நடக்கவில்லை. நடந்ததற்கான அடையாளமும் இல்லை. அதற்காகச் சபை இரவுபகலாகப் பாடுபட்டிருக்கிறது.” கைதட்டல் வந்தது. பஸ்லான் கடைசி வரிசையில் கட்டார் விசாவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. விளையாட்டு உலகெங்கும் ஓடியது. இதைப்போலப் பயங்கரமான ஒன்றை விளையாடியதில்லை என்று எழுதினார்கள். பிரேசிலில் ஒருத்தி மூன்றாவது அறையோடு நிறுத்திவிட்டாள். எல்லா மேசையிலும் சாப்பாடு வைத்திருக்கிறது, எல்லாக் கட்டிலிலும் ஆள் படுத்தெழும்பிய குழி இருக்கிறது, இவர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தாள். அந்தக் குழிகளை லோஜினி வரைந்தது பேய்கள் படுப்பதற்காக. அழிக்கும்படி எவரும் சொல்லவில்லை.

பயப்படுத்துவது எது என்று கண்டுபிடித்து அதையும் நீக்குவதற்குச் சபை ஒரு விசாரணைக் குழு அமைத்தது. குழு பங்களாவுக்குள் பலமுறை போய்வந்தது. நீக்குவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனந்தராசா மாலையில் தனியாக அலுவலகத்தில் இருப்பதை நிறுத்திக்கொண்டார் என்று காவலாளி சொன்னார்.

பஸ்லான் கட்டாருக்குப் போன பிறகு லோஜினி சம்பூருக்கு வந்து சில நாள் நின்றாள். ஒரு பின்னேரம் அம்மா கச்சான் காயவைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “அந்த வீட்டை ஒருக்காக் காட்டு,” என்றாள். லோஜினி மடிக்கணினியைத் திறந்து, எந்த விசையை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் கதவு திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

அம்மா ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து, விளக்கை உயர்த்திப் பார்த்து, திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தவேண்டிய தேவை விளையாட்டில் இல்லை. கடைசி அறையும் வந்தது. அதற்கு மேல் வீடு இல்லை. அம்மா திரும்பவும் முதல் அறையிலிருந்து தொடங்கினாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும்.

லோஜினிக்குப் பொறுக்கவில்லை. பழைய கோப்புகள் எல்லாம் அவளிடம் இருந்தன. சபைக்கு எட்டாத இந்த ஒரு கணினியில் எல்லாரையும் திருப்பிக் கொண்டுவர ஏலும்.

“அம்மா, ஆயாவைத் திருப்பிப் போட்டுத் தரட்டோ? நிலக்கரிக்காரரையும் போடலாம். வீடு இப்பிடி வெறுமையாக் கிடக்காது.”

“வேண்டாம்,” என்றாள் அம்மா. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “பேயை வச்சால் செத்ததெண்டு ஆயிடும். ஆரும் இல்லாட்டில், எங்கயோ வெளியில போயிருக்கினம் எண்டு நினைக்கலாம்.”

பிறகு அடுத்த கதவைத் திறந்தாள்.